விழுதலின் நகை: எளிய இயற்பியல் உலாவி விளையாட்டுகளின் ஈர்ப்பு – 'க்வொப்' ஆட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் நிறுவாமலே இணைய உலாவியில் ஆடத்தக்க எளிய இயற்பியல் விளையாட்டுகள் ஆடுபவரைக் கவர்வதற்கு, அவை நாம் வாழும் உலகைப் போலவே இயங்குவதுதான் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அவ்விடை பாதி உண்மையே என்பது இக்கட்டுரையின் வாதம். பென்னட் ஃபாடி 2008-இல் வெளியிட்ட 'க்வொப்' முதன்மைச் சான்றாகவும், போஷ்த்யான் சாதெஷ் 2006-இல் உருவாக்கிய 'லைன் ரைடர்' துணைச் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன. உடல் அறிந்ததற்கும் விரல் செய்ய இயல்வதற்கும் இடையே இவ்விளையாட்டுகள் திறந்து காட்டும் இடைவெளியிலேயே ஈர்ப்பு பிறக்கிறது என்பதும், அவ்விடைவெளிக்குரிய மெய்ப்பாடு உவகையைவிட நகையே என்பதும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உலாவி விளையாட்டு, இயற்பியல் இயந்திரம், க்வொப், மெய்ப்பாடு, நகை, மடன், பாடவேறுபாடு

முன்னுரை

தமிழில் கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி எச்சரிக்கையாகவே அமைகிறது. கண் கெடும், படிப்புக் கெடும், பணம் போகும் என்னும் மூன்று அறிவுரைகளுக்குள் அவ்வெழுத்து பெரிதும் அடங்கிவிடுகிறது. அவற்றிற்கு அடிப்படையே இல்லை என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், ஒரு கவிதையையோ கூத்தையோ திரைப்படத்தையோ எடுத்துக்கொண்டு அது எவ்வாறு இயங்குகிறது, நுகர்வோரிடம் எம்மெய்ப்பாட்டைத் தோற்றுவிக்கிறது என்று வினவிப் பழகிய நாம், விளையாட்டிடம் அதே வினாவைக் கேட்கத் தயங்குகிறோம். தயக்கத்திற்குக் காரணம் பொருளின் சிறுமை என்றால், அச்சிறுமையையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது தகும்.

ஆகவே இங்கு எடுத்துக்கொள்ளப்படுவன கணினி விளையாட்டுகளுள் மிகச் சிறியவை. ஒருவர் தனியே எழுதி இணையப் பக்கமொன்றில் விலையின்றி இட்டுவைத்தவை. பக்கத்தைத் திறந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்; மூடினால் முடிந்துவிடும். இக்கட்டுரையாளர் இளங்கலை பயின்ற கல்லூரியின் கணினிக்கூடத்தில் மாணவர் எவரும் எம்மென்பொருளையும் நிறுவ இயலாதவாறு பூட்டிவைக்கப்பட்டிருந்தது. உலாவி மட்டும் திறந்திருந்தது. செய்முறை வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் அங்கே எழுந்த சிரிப்பே இவ்வாய்வின் தொடக்கம். ஒருவர் ஆட, நால்வர் நாற்காலியின் பின்னால் நின்று சிரித்தனர். அவர்கள் சிரித்தது ஆட்டக்காரர் விழுந்தபொழுதெல்லாம். அவரோ விழுந்துகொண்டேயிருந்தார்; தாமும் சிரித்துக்கொண்டேயிருந்தார்.

அச்சிரிப்பு எதனால் எழுந்தது என்பதே வினா. இயற்பியல் விளையாட்டுகள் குறித்துப் பேசுவோர் தரும் விடை எளியது. எறிந்த கல் கீழே விழும், சாய்ந்த பலகையில் பந்து உருளும் என்பதைக் குழந்தையும் அறியும். ஆதலால் இவ்விளையாட்டுகளுக்கு விதிமுறை விளக்கம் தேவையில்லை. பழகிய உலகம் திரையில் கிடைப்பதால் மனம் இசைகிறது என்பர். ஆடத் தொடங்குவது ஏன் எளிது என்பதை இவ்விடை விளக்குகிறது. ஆனால் பழகிய உலகம் நம்மைச் சிரிக்கவைப்பதில்லை. தெருவில் நடந்து செல்லும் ஒருவரைக் கண்டு நாம் நகுவதில்லை.

விதிகளுக்கும் ஓர் ஆசிரியர்

'இயற்பியல்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவது நலம். திரையில் காணப்படும் ஈர்ப்புவிசை இயற்கையின் ஈர்ப்புவிசை அன்று. ஒருவர் எழுதி அமைத்த ஈர்ப்புவிசை. இது வெளிப்படையான செய்தியாகத் தோன்றினும், திறனாய்வில் எளிதில் மறக்கப்படுவது.

கணினி விளையாட்டின் வரலாற்றில் மிகத் தொடக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பார்வையாளர் நாளுக்காக வில்லியம் ஹிகின்பாதம் 'டென்னிஸ் ஃபார் டூ' என்ற ஆட்டத்தை அமைத்தார். அலைவுகாட்டியின் சிறு வட்டத்திரையில் பக்கவாட்டுத் தோற்றமாக ஒரு கோடு தரையாகவும், குறுக்கே ஒரு சிறு கோடு வலையாகவும், ஒளிப்புள்ளி பந்தாகவும் விளங்கின. ஆய்வகத்தில் இருந்த ஒப்புமைக் கணினியின் கையேட்டில் எறிபொருளின் பாதையைக் கணக்கிடும் முறை விளக்கப்பட்டிருந்ததே அவருக்குத் தூண்டுகோல். எறிகணையின் பாதையைக் கணக்கிடும் அதே சமன்பாடு பந்தின் பாதையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் மின்னணுவியல் பணியாற்றிப் பின்னர் அணுஆயுதப் பரவலுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் ஹிகின்பாதம் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அடுத்த ஆண்டு அவ்வாட்டம் மீண்டும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது நிலவின் ஈர்ப்புவிசையிலும் வியாழனின் ஈர்ப்புவிசையிலும் பந்தை ஆடிப்பார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது. உலகின் விதியைக் குமிழைத் திருகி மாற்றலாம் என்றவுடனே அது உலகின் விதியாக இருப்பது நின்றுபோகிறது, ஆசிரியரின் விதியாகிறது.

இணையக் காலத்தில் இவ்வாசிரியத்துவம் வேறொரு வடிவம் பெற்றது. எரின் கட்டோ என்னும் நிரலாளர் 2006-இல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாடொன்றில் தம் உரைக்கு எடுத்துக்காட்டாக எழுதிய சிறு நிரல், 'பாக்ஸ் டூடி' என்ற பெயரில் எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறமூல இயற்பியல் இயந்திரமாக வளர்ந்தது. மெழுகு வண்ணக்கோலால் வரைந்த உருவங்கள் எடைபெற்று விழும் 'க்ரேயான் பிசிக்ஸ் டீலக்ஸ்', உலாவியில் ஆடப்பட்ட 'ஹேப்பி வீல்ஸ்', கைப்பேசியில் உலகெங்கும் பரவிய 'ஆங்ரி பேர்ட்ஸ்' ஆகியன வேறு வேறு ஆக்குநர் வேறு வேறு நோக்கில் அமைத்தவை. ஆனால் அவற்றுள் பொருள்கள் மோதும் முறையும் சாயும் முறையும் ஒரே கையெழுத்தில் அமைந்தவை.

அக்கையெழுத்தின் இயல்பு என்ன? காலம் இங்கே தொடர்ந்து ஓடுவதில்லை. விநாடிக்கு அறுபது துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் வேகமும் இடமும் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. மூட்டுகள் இறுக்கமானவை அல்ல. இரு பொருள்களைப் பிணைக்கும் மூட்டு பிரியக்கூடாது என்ற கட்டுப்பாட்டை இயந்திரம் சிலமுறை திருத்தித் திருத்தி ஏறத்தாழ நிறைவேற்றுகிறது; பளு மிகுந்தால் மூட்டு சற்றே இழுபட்டு மீளும். பத்தில் ஒரு பங்கு மீட்டர் முதல் பத்து மீட்டர் வரையிலான பொருள்களுக்கே இவ்வியந்திரம் நன்கு பொருந்தும் என்பது அதன் கையேடு தரும் குறிப்பு. எறும்பும் மலையும் அதன் உலகில் இல்லை. பெட்டியும் வண்டியும் மனித உடலும் உண்டு. இத்தகைய விளையாட்டுகளில் உடல்கள் சற்றுத் தளர்ந்து, துணிப்பொம்மை போல் துவள்வதை ஆடியவர் அனைவரும் அறிவர். அத்துவட்சியில் கணக்கீட்டின் சிக்கனத்திற்கும் பங்குண்டு. அதனைக் குறையாகக் கருதாமல் நடையாகக் கருதியவர்களே சிறந்த ஆட்டங்களைத் தந்தனர்.

நான்கு விசைகள்

பென்னட் ஃபாடி ஆஸ்திரேலியர். மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வேட்டை எழுத வேண்டிய காலத்தில் அதை விட்டுவிட்டு விளையாட்டு நிரலெழுதக் கற்றுக்கொண்டவர் என்பது ஆய்வு மாணவர்களுக்கு ஆறுதலளிக்கக்கூடிய செய்தி. 2008 நவம்பரில் அவர் தம் இணையப் பக்கத்தில் 'க்வொப்' ஆட்டத்தை வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில்தான் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.69 விநாடிகளில் கடந்திருந்தார்.

ஆட்டத்தின் அமைப்பை விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. திரையில் செந்நிற ஓடுதளம். அதில் ஒரே ஓர் ஓட்டக்காரர். தம் நாட்டின் ஒரே பிரதிநிதியாக ஒலிம்பிக்கிற்கு வந்திருக்கிறார். பயிற்சிக்குப் போதிய நிதி இல்லை என்பதைத் தொடக்கக் குறிப்பே சொல்லிவிடுகிறது. அவர் நூறு மீட்டர் ஓட வேண்டும். விசைப்பலகையின் மேல்வரிசையில் இடக்கோடியிலுள்ள க்யூ, டபிள்யூ ஆகிய இரு விசைகள் தொடைகளை இயக்குகின்றன: ஒன்றை அழுத்தினால் ஒரு தொடை முன்னும் மற்றது பின்னுமாக விரியும், மற்றதை அழுத்தினால் மாறி விரியும். வலக்கோடியிலுள்ள ஓ, பீ ஆகியன அவ்வாறே கெண்டைக்கால்களை இயக்குகின்றன. இந்நான்கு எழுத்துகளே ஆட்டத்தின் பெயர். 'ஓடு' என்றொரு விசை இல்லை.

முதன்முறை ஆடுபவர் ஏதேனும் ஒரு விசையை அழுத்துகிறார். ஓட்டக்காரர் அவ்விடத்திலேயே பின்னோக்கிச் சரிந்து தலை தரையில் மோத விழுகிறார். கடந்த தொலைவு சிலவேளைகளில் எதிர்மறை எண்ணாகவும் அமைவதுண்டு. அதாவது தொடக்கக் கோட்டுக்கும் பின்னால் விழுந்திருப்பார். பங்கேற்றமைக்கான பாராட்டு ஒன்று திரையில் தோன்றுகிறது. ஆட்டம் மீண்டும் தொடங்க ஒரு விசையே போதும். ஐம்பதாவது மீட்டரில் ஒரு தடை வைக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலோர் காண்பதேயில்லை.

இங்கே நிகழ்வது என்ன? மைக்கேல் பொலானி அறிதலைப் பற்றிக் கூறிய கருத்து உதவும். மிதிவண்டி ஓட்டுபவர் தம்மைச் சாயாமல் நிறுத்தும் விதியை அறியார். அறியாமலே அதன்படி நடக்கிறார் என்றார் பொலானி. சொல்ல இயல்வதைவிட மிகுதியாக நாம் அறிந்திருக்கிறோம் என்பது அவர் முடிவு. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு புணர்ச்சி விதிகள். எழுத்தறியாத ஒருவர் பேசும்போது எங்கே ஒற்று மிகும், எங்கே உகரம் கெடும் என்பதில் அவருக்குத் தடுமாற்றமில்லை. அவரையே நிறுத்தி, ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் நிலைமொழி வருமொழி நோக்கி விதியை எண்ணிய பின்னரே அடுத்த சொல்லை உச்சரிக்க வேண்டும் என்று பணித்தால் அவர் பேச்சு என்னாகும்? க்வொப்பின் ஓட்டக்காரர் அந்நிலையில் இருக்கிறார். ஓடத் தெரிந்த உடலிலிருந்து 'தெரிந்த' பகுதியை ஃபாடி உருவி வெளியே எடுத்து நான்கு விசைகளில் வைத்துவிட்டார். எஞ்சியிருப்பது மூட்டுகளும் எடையும் தரையும்.

எனவே, பழகிய உலகம் திரையில் கிடைக்கிறது என்ற வழக்கமான விடை இங்கே தலைகீழாகிறது. ஆட்டம் நம்மிடமிருந்து பழக்கத்தைப் பறித்துக்கொள்கிறது. உலகை மட்டும் விட்டுவைக்கிறது. விழுவது இயற்பியலின்படி முற்றிலும் முறையானது. ஈர்ப்புவிசை தவறு செய்யவில்லை. எதிராளி இல்லை, பகடை இல்லை, நம்மை ஏய்த்தவர் எவரும் இல்லை. ஆதலால் தோல்விக்கு முறையிட இடமும் இல்லை. தோல்வியைத் தவிர்க்க விரும்பும் மனிதர் தோற்கும் இடமாகிய விளையாட்டை ஏன் நாடிச் செல்கின்றனர் என்ற முரணை யெஸ்பர் யூல் தம் 2013-ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்கிறார். தோல்விக்கு நாமே பொறுப்பு என்று உணரும்போதுதான் அதைத் திருத்தவும் விழைகிறோம் என்னும் திசையில் செல்லும் அவர் விளக்கம் க்வொப்புக்கு நன்கு பொருந்துகிறது; ஆனால் முழுமையாக அன்று. நூறு முறை விழுந்தும் ஒரு மீட்டர்கூட முன்னேறாதவரும் சிரித்துக்கொண்டே ஆடுகிறார். அவர் எதையும் திருத்திக்கொள்ளவில்லை.

நகையும் மடனும்

இச்சிரிப்பை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைபுரிகிறது. தொல்காப்பியர் இணைய விளையாட்டை முன்னறிந்தார் என்பது போன்ற கூற்றுகள் நம் துறையில் அவ்வப்போது எழுவதால், இங்கே அவ்வாறு எதுவும் கருதப்படவில்லை என்பதைச் சொல்லிவிடுதல் நன்று. மெய்ப்பாட்டியல் செய்யுளில் தோன்றும் மெய்ப்பாடுகளைப் பற்றியது. ஆயினும், ஓர் உணர்வு எந்நிலைக்களனிலிருந்து பிறக்கிறது என்று பிரித்தறியும் அதன் முறை செய்யுளுக்கு அப்பாலும் செல்லத்தக்கது.

மெய்ப்பாடு எட்டனுள் உவகைக்குரிய நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் சொல்லப்படுகின்றன. ஆகவே விளையாட்டு என்றவுடன் உவகை என்று முடிவு செய்துவிடத் தோன்றும். நகைக்கு நிலைக்களன்கள் வேறு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். க்வொப் ஆடப்படும் அறையில் இந்நான்கனுள் இளமை நீங்கலாக மூன்றும் ஒருங்கே காணப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கத்தில் இரு திசைகள் உண்டு: பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. நாற்காலியின் பின்னால் நின்ற நால்வரின் சிரிப்பு முதல்வகை. ஆடியவரின் சிரிப்பு இரண்டாம் வகை. விசைப்பலகை கைமாறும்போது சிரிப்பின் திசையும் மாறுகிறது. எள்ளியவர் அடுத்த நிமிடத்தில் எள்ளப்படுகிறார். தனியே ஆடுபவரிடத்தில் இவ்விரண்டும் ஒருவரிடமே கூடுகின்றன. விரல் ஒருவராகவும், விழும் உடல் இன்னொருவராகவும் பிரிந்துவிடுவதால் ஒருவரே எள்ளுபவராகவும் எள்ளப்படுபவராகவும் ஆகிறார்.

பேதைமைக்கும் மடனுக்கும் இடையே உரைகாரர் காட்டும் வேறுபாடு இன்னும் பயனுடையது. பேதைமை அறிவின்மை. மடன் என்பதோ கற்பிக்கப்பட்டதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றியிருத்தல். க்வொப்பைக் காணும் எவரும் 'எனக்கு ஓடத் தெரியும்' என்ற அறிவோடுதான் அதன்முன் அமர்கின்றனர். அவ்வறிவே அவரை வீழ்த்துகிறது. நிமிர்ந்த முதுகு, மாறி மாறி எடுத்துவைக்கும் கால், சீரான தாளம் என்று ஓட்டத்தைப் பற்றிக் கொண்டவற்றை விடாது பற்றுவதால் விழுகிறார். அறியாதவராக இருந்திருந்தால் அவ்வளவு நகைப்புக்கு இடமிருந்திராது. ஆட்டத்தில் நூறு மீட்டரை முடித்த பலரும் கண்டறிந்த வழி இதனை உறுதிசெய்கிறது: ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலால் உந்தி, தவழ்வதுபோல் அங்குலம் அங்குலமாக நகர்தல். முழங்கால் தரையில் படுவதை ஆட்டம் வீழ்ச்சியாகக் கொள்வதில்லை. 'ஓட்டம்' என்ற கருத்தை விட்டவரே இலக்கை அடைகிறார். ஒலிம்பிக் வீரர் ஒருவர் முழங்காலால் தேய்த்துக்கொண்டே இறுதிக்கோட்டைக் கடப்பதைக் காண்போர் மீண்டும் நகுவர். இம்முறை எள்ளலோடு சிறிது வியப்பும் கலந்திருக்கும்.

உண்மையிலேயே ஓடக் கற்றவர்களும் உண்டு. கர்நாடகத்தைச் சேர்ந்த ஒருவர் 2013 ஏப்ரலில் 51 விநாடிகளில் இவ்வாட்டத்தின் நூறு மீட்டரைக் கடந்து கின்னஸ் சாதனைப் பதிவு பெற்றார். அத்தகையோரின் ஆட்டத்தைக் காணும்போது நகை எழுவதில்லை. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் முதலாவதாகிய கல்வியே அங்கு புலப்படுகிறது. ஒரே ஆட்டம், ஆடுபவரின் பயிற்சிக்கேற்ப மெய்ப்பாடு மாறுகிறது. பெருமிதத்திற்காக ஆடப்படும் விளையாட்டுகள் எண்ணிறந்தவை. அவற்றுக்கிடையே க்வொப்பின் தனித்தன்மை நகையில்தான் உள்ளது என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். ரோஜே கய்வா விளையாட்டுகளை வகுத்த நால்வகையுள் போட்டி, வாய்ப்பு, பாவனை, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் எதிலும் இது நேராக அடங்குவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தலைச்சுற்றல் ஓரளவு நெருங்கிவரும். ஆனால் சுழலும் குழந்தை தன் உடலின் தடுமாற்றத்தை உள்ளிருந்து நுகர்கிறது. இங்கே தடுமாற்றம் வெளியே திரையில் நிகழ்கிறது.

கோடு வரைபவர்

எல்லா இயற்பியல் விளையாட்டுகளும் நகையை நோக்குவன என்று கொள்ளலாகாது. 'லைன் ரைடர்' நேர்மாறானது. சுலோவேனிய மாணவர் சாதெஷ் 2006 செப்டம்பரில் இதனை இணையத்தில் இட்டார். வெண்திரையில் கோடு வரையலாம். வரைந்தபின் இயக்கினால் கழுத்துத்துணி அணிந்த ஒரு சிற்றுருவம் சறுக்குவண்டியில் அக்கோட்டின்மீது சறுக்கிச் செல்லும். மதிப்பெண் இல்லை, இலக்கு இல்லை. கோடு திடீரென முடிந்தால் சிற்றுருவம் வெளியில் எறியப்படும்.

வரையும்போது கோடு வெறும் கோடு. இயக்கியவுடன் அது மலைச்சரிவு. மருட்கையின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய ஆக்கம், ஒன்று பிறிதொன்றாகத் திரிதலைக் கண்டு வியத்தல் என்று இளம்பூரணர் வழி பொருள்படும். அது இங்கே கண்முன் நிகழ்கிறது. வரைபவர் வரையும்போதே வண்டியின் வேகத்தை மனத்தில் ஓட்டிப்பார்க்கிறார். இயக்கும்போது அம்மனக்கணக்கு சரிபார்க்கப்படுகிறது. பின்னாளில் இசைத்துண்டு ஒன்றின் தாளத்திற்கேற்ப ஒவ்வொரு மோதலும் ஒவ்வொரு திருப்பமும் அமையுமாறு நெடுங்கோடுகளை வரைந்து காணொளியாக வெளியிடும் மரபு வளர்ந்தது. அங்கே விதி தடையாக இல்லாமல் யாப்பாகவே ஆகிவிடுகிறது. இவ்வொப்புமையை மேலும் நீட்டும் ஆசை உண்டு. இக்கட்டுரையின் எல்லைக்கு அது புறம்பானது.

'அடிமை' என்னும் சொல்

முன்னுரையில் விட்ட இடத்திற்குத் திரும்பலாம். நூறு முறை விழுந்தும் நூற்றொன்றாம் முறை விசையை அழுத்துபவரை 'விளையாட்டுக்கு அடிமையானவர்' என்பதே நம் நடைமுறை வழக்கு. க்வொப்பை உருவாக்கியவர் இச்சொல்லையே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரின்ஸ்டனிலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஃபாடி மெய்யியல் துறையில் பணியாற்றியபோது அவர் எழுதியவை பழக்க அடிமைத்தனம் பற்றியன. ஜூலியன் சவுலெஸ்குவுடன் இணைந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், அடிமைத்தனமான விழைவுகள் பிற வலிய விழைவுகளிலிருந்து வகையால் வேறுபட்டவை அல்ல என்ற நிலைப்பாட்டை அவர் முன்வைத்தார். அந்நிலைப்பாடு விவாதத்துக்குரியது, சூதாட்டத்தால் குடும்பம் அழிந்த ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்ப்பது எளிதன்று.

தமிழ்நாட்டில் 'இணைய விளையாட்டு' என்ற தொடர் கடந்த சில ஆண்டுகளில் பெரும்பாலும் பணம் வைத்தாடும் சூதாட்டத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும் அதனைச் சார்ந்த வழக்குகளும் திறன் ஆட்டம், வாய்ப்பு ஆட்டம் என்ற பிரிவினையைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்தன. சட்டத்துக்கு அப்பிரிவினை இன்றியமையாதது. ஆனால் திறனாய்வுக்கு அது போதாது என்பதை எளிய இயற்பியல் விளையாட்டு காட்டுகிறது. க்வொப்பில் விளைவு ஒவ்வொன்றும் காரணத்தால் நிகழ்வது. ஆயினும் விசையை ஒரு கணம் முந்தி அழுத்தியதும் பிந்தி அழுத்தியதும் மூன்றாம் அடியில் முற்றிலும் வேறான வீழ்ச்சிகளாகின்றன. தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு அது வாய்ப்பாகத் தோன்றும். தேர்ந்தவருக்குத் திறனாகத் தோன்றும். பணம் வைத்தாடும் ஆட்டம் இம்மயக்கத்தில்தான் வாழ்கிறது: அடுத்த சுற்றில் வெல்லலாம் என்ற நம்பிக்கையை மறையாமல் காக்கிறது. க்வொப் அந்நம்பிக்கையை முதல் விநாடியிலேயே தரையில் மோதவைக்கிறது. மீண்டும் ஆடவைக்கும் இவ்விரு விசைகளையும் ஒரே சொல்லால் வழங்குவது சோம்பல்.

பாடச் சிக்கல்

க்வொப் ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் ஆக்கப்பட்டது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அம்மென்பொருளே ஃபிளாஷ் ஆக்கங்களை இயக்க மறுத்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலத்தில் எளிய மனிதர்கள் எழுதிய எண்ணற்ற ஆட்டங்கள் ஒரே நாளில் உலாவியிலிருந்து நீங்கின. தன்னார்வலர்களின் 'ஃபிளாஷ்பாயிண்ட்' தொகுப்பும், 'ரஃபிள்' என்ற போலிமையியும், இணைய ஆவணக் காப்பகத்தின் முயற்சியும் அவற்றுள் பலவற்றை மீட்டன. க்வொப்பும் புதிய நிரல்வடிவில் கிடைக்கிறது.

சுவடிப் பதிப்பில் பழகிய துறைக்கு இது புதிய சிக்கலன்று. கோப்பு பிழைத்தது என்பதால் பாடம் பிழைத்தது என்று கொள்ள இயலாது. இவ்வாட்டங்களின் பாடம் நேரத்தில் எழுதப்பட்டது. காலத்துண்டின் அளவோ, விசை அழுத்தத்திற்கும் திரையசைவுக்கும் இடையேயான தாமதமோ மாறினால் விழும் விதமும் மாறும். விழும் விதம் மாறினால் நகையும் மாறும். ஏடெழுதுவோர் பிழை போன்றதே இது. ஆனால் ஒப்புநோக்க இங்கு எழுத்து இல்லை, வேகம் மட்டுமே உண்டு. எனவே இயற்பியல் விளையாட்டை ஆராய்பவர் எவ்வடிவத்தை, எக்கருவியில், எவ்விசைப்பலகையில் ஆடினார் என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும். இக்கட்டுரையின் வருணனைகள் இளங்கலைக் காலத்து ஃபிளாஷ் வடிவத்தின் நினைவையும், மேசைக்கணினியில் அண்மையில் ஆடிய புதிய வடிவத்தையும் சார்ந்தவை. பழைய வடிவத்தில் உடல் இன்னும் சற்று விரைவாகத் துவண்டதாக ஒரு நினைவு உண்டு. அது ஆட்டத்தின் வேறுபாடா, பத்தாண்டுக்கு முந்தைய சிரிப்பின் வேறுபாடா என்பதைப் பழைய கோப்பை அக்காலக் கருவியிலேயே இயக்கித்தான் காண முடியும்.

விசைப்பலகையும் பாடத்தின் ஒரு பகுதியே. அந்நான்கு விசைகள் ஒரே வரிசையில் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் இருப்பதால்தான் இரு கைகளும் இரு காலின் இடத்தை ஏற்கின்றன. தமிழ்99 விசைப்பலகையில் அவ்விடங்களில் இருப்பவை ஆ, ஈ, ட, ண ஆகிய எழுத்துகள். தமிழில் இவ்வாட்டம் பிறந்திருந்தால் அதன் பெயர் 'ஆஈடண' என்று உச்சரிக்க இயலாததாக அமைந்திருக்கும். அண்மையில் துறை மாணவர் இருவரிடம் இவ்வாட்டத்தைக் காட்டியபோது அவர்கள் கைப்பேசியையே எடுத்தனர். கண்ணாடித் திரையின்மேல் இரு கட்டைவிரல்கள். விசையின் எதிர்ப்பழுத்தம் இல்லாததால் விரல் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே அழுத்த வேண்டியிருந்தது. பார்த்த கணத்தில் ஓட்டக்காரர் விழுந்துவிட்டார். இருவரும் சிரித்தனர். அது அதே சிரிப்புத்தானா என்று கேட்பதற்குள் ஒருவர் மற்றவரிடமிருந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டார்.